சாவி வைத்தால் வந்துவிடுவாள்

எங்கள் மலையில் ஒரு பிள்ளை பேச்சுக்கு நடுவே எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றால் 'போய்ட்டா' என்பார்கள். அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். புளி உலுக்கப் போன இடத்தில் நான் கிளையைப் பார்த்தபடி நிற்பேன். "பாஞ்சால போய்ட்டாடோய்" என்று என் பேரைச் சொல்லி அப்பா சிரிப்பார். களி கிண்டச் சொன்னால் கரியவிடுவேன். அம்மா திட்டுவாள். என்ன திட்டினாள் என்பதையும் மறந்துவிடுவேன்.

புதூர்நாட்டில் தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்த்தபோது மருத்துவச் சான்று கேட்டார்கள். அம்மா என்னை ஜீப்பில் ஏற்றிக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் பட்டணத்துக்காரர், சின்ன வயசு. என்ன குறை என்று கேட்டார். அம்மா சும்மா இருந்திருக்கலாம், சொல்லித் தொலைத்தாள்.

"அப்பப்ப போய்டுவா சாமி."

"போய்டுவாளா? அப்படின்னா?"

"கண்ணு தொறந்தேதான் கீது. கூப்டா கேக்காது. அப்புறம் வந்துடுவா."

அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. வலிப்பு என்று எழுதி, பக்கத்தில் அந்த நோய்க்கான நம்பரும் போட்டு, மாத்திரை கொடுத்துவிட்டார்.

அந்த மாத்திரை போட்டால் கையும் காலும் யாருடையதோ மாதிரி இருக்கும். பந்தியில் சோறு ஆறிப்போகும், எனக்குத் தெரியாது. கூடப் படிக்கிற பிள்ளைகள் என் பக்கத்தில் பாய் போட மாட்டார்கள். கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. இப்போது நினைத்தால் வருகிறது, இப்போது வந்து என்ன பிரயோசனம்?

சமையல்கார முனியம்மா மட்டும் என்னிடம் பயப்படவில்லை. வலிப்புக்கு இரும்பு வைத்தால் நிற்கும் என்பது அவள் கண்டது. அரிசி அறைச் சாவி, அரை சாண் நீளம், அதை வகுப்பிலேயே ஆணியில் மாட்டிவைத்தாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போய்விட்டால் யாராவது ஓடிவந்து அதை என் உள்ளங்கையில் அழுத்துவார்கள். ஜில்லென்று இருக்கும். திரும்பிப் பார்ப்பேன். "பாத்தியா, இரும்புக்கு நின்னுபோச்சி!" என்று முனியம்மா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். ஒரு தடவைகூடச் சாவி தப்பவில்லை, அதனால் எனக்கு வலிப்புதான் என்பதில் யாருக்கும் சந்தேகமும் இல்லை.

ஐந்தாவது முடிகிற சமயத்தில் வார்டன் தேவராஜ் சார் அம்மாவைக் கூப்பிட்டனுப்பினார். "வலிப்புக்காரப் புள்ளய ஆறாவதுல வெச்சிக்க மாட்டாங்கம்மா. ஒண்ணு ஆயிப்போச்சின்னா யாரு பதில் சொல்றது? டாக்டரு வேற மாதிரி எழுதிக் குடுத்தா பாக்கலாம்."

அம்மாவுக்கு நான் படித்தே ஆகவேண்டும். ஒரு முறை ஒடுகத்தூரில் போர்டு படிக்கத் தெரியாமல் பஸ் மாறி ஏறி, இறங்கிய ஊரில் அழுதுகொண்டு நின்றவள் அவள். "இவளும் அப்டி நிக்கக் கூடாதுங்க" என்றாள். வார்டனையும் இழுத்துக்கொண்டு மறுபடி கீழே போனோம்.

இந்த முறை சகுந்தலா டாக்டர். மூச்சை வேகமாக இழுத்து ஊது, நிறுத்தாதே என்றார். வலிப்பு இருந்தால் அதில் வந்துவிடுமாம். ஊதினேன். தலை கிறுகிறுத்தது, வேறொன்றும் ஆகவில்லை. எனக்கு முன்னேயே அம்மாவுக்கு மூச்சு வாங்கியது.

"சாவி வெச்சா வந்துடுவா டாக்டரம்மா" என்றாள் பெருமையாக.

டாக்டர் நிமிர்ந்தார். "வெச்ச உடனேவா?"

"உடனே."

"சும்மா தோள்ல கை வெச்சா?"

"அதுக்கும் வந்துடுவா. கூப்டாதான் கேக்காது."

"ஐயோ, இது வலிப்பே இல்லம்மா. கண்ணு தொறந்தே வர்ற வலிப்புன்னா தொட்டாலும் திரும்ப மாட்டா. இவளுக்குக் கவனம் நிக்கல. சில பிள்ளைங்க ஓடிட்டே இருப்பாங்க. இவ உக்காந்த இடத்துலயே போய்டுறா."

எங்கள் வார்த்தையை அவர் சரியாகச் சொன்னார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

தடியான ஒரு புத்தகத்தைப் புரட்டி, முந்நூற்றுப் பதினாலு புள்ளி சைபர் என்று அதற்கான நம்பரை எழுதினார். மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தச் சொன்னார். ரெக்கார்டு கிளார்க் தங்கவேல் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"மேடம், நம்ம லிஸ்ட்ல இந்த நம்பருக்குக் கட்டமே இல்லீங்க. கிட்டத்துல இருக்கறது மந்தபுத்திதான். அதுல போட்டுடறேன்."

"மந்தபுத்தின்னா எங்க இஸ்கூல்ல வெச்சிக்க முடியாதுங்க" என்றார் வார்டன்.

 டாக்டர் அந்தச் சீட்டைக் கிழித்துவிட்டு வேறு சீட்டு எழுதினார். 'நோய் ஏதும் இல்லை' என்று. வார்டனிடம், "முன்னால உக்கார வைங்க. போய்ட்டான்னா கத்தாதீங்க, தோள்ல கை வைங்க, போதும்" என்றார். வார்டன் "சரிங்க மேடம், சரிங்க மேடம்" என்றார். அம்மா டாக்டர் காலில் விழப்போனாள்.

ஆறாவதில் இடம் கிடைத்தது. மாத்திரை நின்றது. முனியம்மா சாவியை ஆணியிலிருந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். நோயில்லாத பிள்ளைக்கு இரும்பு எதற்கு?

வார்டன்தான் எங்களுக்குக் கணக்கு எடுத்தார். ஒரு நாள் வகுத்தலுக்கு நடுவே நான் போய்விட்டேன். அவர் எத்தனை தரம் கூப்பிட்டாரோ தெரியாது, முதுகில் பிரம்பு விழுந்தபோதுதான் வந்தேன்.

"டாக்டரே ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. அப்புறம் இன்னாடி உனக்கு? திமிருதானே?"

அழுகை வரவில்லை. நான் கையை நீட்டினேன். "சாவி வைங்க சார், வந்துடுவேன்" என்றேன்.

வகுப்பு முழுக்கச் சிரித்தது. நீட்டிய கையிலேயே அடித்தார். வந்துவிட்டேன்.