கடைமடை வீட்டுக் குழாய்

கீழ்வானம் மெல்ல வெளுக்கும் வேளையில், படுத்துறங்கும் யானைக்கூட்டம் போலக் கரும்பாறைகள் கிடக்கும் தக்காண மேட்டுநிலத்தில், செகந்திராபாத்தின் புகைவண்டிகள் கூவித் துயிலெழுப்பும் மெட்டுகுடாவின் இருப்புப்பாதைக் குடியிருப்பில், காவிரி கனவிலும் எட்டிப்பாராத அந்த மண்ணில், காவிரியின் பழவழக்கு ஒன்று நடந்துகொண்டிருந்தது என்றால் நம்புவீர்களோ, நல்லறிவு படைத்த நண்பர்களே? நம்பித்தான் தீரவேண்டும். ஊரை விட்டு வரலாம். ஊர்ப்புத்தியை விட்டு வர யாரால் முடிந்தது?

குடகில் பிறந்து கல்லணையை அடைந்த காவிரி, பிள்ளைகளுக்குப் பாகம் பிரிக்கும் தாயெனத் தன்னைப் பிரித்து, வெண்ணாறும் குடமுருட்டியும் அரசலாறும் எனப் பல பெயர் பூண்டு, ஆறு வாய்க்காலாகி, வாய்க்கால் வயல்மடையாகி, வண்டல் விரித்துக் குறுவையும் சம்பாவும் தாளடியும் விளைவித்து, நாணல் அசையும் கரைகளையும் நண்டு வளை தோண்டும் வரப்புகளையும் கடந்து, உப்பங்கழியிலும் அலையாத்திக் காட்டிலும் மூச்சடங்கிக் கடல் சேர்கிறாள். அந்நாட்டில் மாந்தர் இருவகையர். நீர் முதலில் பாயும் தலைமடையில் இருப்பவன் நீரைக் கண்டு மகிழ்வான். இறுதியில் பாயும் கடைமடையில் இருப்பவனோ நீரைக் கண்டாலும் ஐயுறுவான்: இது நமக்கென விட்டதா, அவன் தின்ற மிச்சமா என்று.

வேதாரணியத்தை அடுத்த கடைமடைச் சிற்றூரிற் பிறந்து, இருப்புப்பாதைப் பணிமனையில் இருபதாண்டு உழைத்த உலகநாதர், அந்த ஐயத்தைத் தாய்ப்பாலோடு பருகியவர். விதியின் குறும்பைப் பாருங்கள்! நான்கு வீட்டு வரிசைக்கு நீர் கொண்டுவரும் குழாய்வழி ஒன்றே. அதன் கடைசி வீடு அவருக்கு வாய்த்தது. முதல் வீடோ, திருவையாற்றுப் பக்கத்துத் தலைமடைக்காரராகிய ஜகதீசருக்கு வாய்த்தது. போதாக்குறைக்கு, குஷாய்குடாவின் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஜகதீசரின் மகனுக்கு, உலகநாதரின் ஒரே மகள் அன்னக்கிளியைக் கேட்டிருந்தார்கள். பிள்ளைகள் இருவர்க்கும் மனம் ஒத்திருந்தது. ஆடி கழிந்து ஆவணி பிறந்ததும் தாம்பூலம் மாற்றுவதாகப் பேச்சு.

அவ்வாண்டு, எழுபத்திரண்டில், மழை பொய்த்தது. சுண்டுவிரல் பருமனாக விழுந்துகொண்டிருந்த குழாய்நீர் மெலிந்தது. உலகநாதர் வேறெவரையும் நோகவில்லை; அவர் கண் நேரே முதல் வீட்டுக்குப் போயிற்று. ஒருநாள் விடியலில் வேலியோரம் மறைந்து நின்று நோக்கினார். ஜகதீசர் வெளியே வந்தார். தம் வீட்டருகே ஒரு பலகைக்கல்லை நகர்த்தினார். குழிக்குள் கைவிட்டு, வால்வு என்று எல்லாரும் வழங்கும் அந்தத் திருகினை இறுக்கி மூடினார். கல்லை வைத்துவிட்டு, ஒன்றும் அறியாதவர்போல் வேலைக்கு நடந்தார்.

அகப்பட்டான் கள்வன்! பாட்டன் காலத்தில் கடைமடையார் என்ன செய்தனரோ, அதையே உலகநாதரும் செய்தார். ஆளரவம் அடங்கியதும் போய்த் திருகினை முழுதும் திறந்துவிட்டு வந்தார். பத்து நாள் இவ்வாறே: அவர் மூட, இவர் திறக்க. ஆனால் என்ன வியப்பு! மெலிந்த நீர் நூலாயிற்று. நூலாய் விழுந்தது சொட்டாயிற்று. வேறொருவர் என்றால் தம் கைச்செயலைச் சற்றே எண்ணிப் பார்த்திருப்பார். உலகநாதர் எண்ணியது வேறு.

"இன்னொரு இடத்துலயும் அடைக்கிறான்டி. தலைமடைப் புத்தி எங்க போகும்?" என்று மனைவி அபயாம்பாளிடம் பல்லைக் கடித்தார்.

"நாளைக்குப் பதினெட்டாம் பெருக்குங்க. குடத்துல முந்தி விழற தண்ணியைத்தான் காவேரின்னு வச்சுக் கும்பிடணும். அதுக்கே வழியக் காணோமே," என்றாள் அவள். காப்பரிசிக்கு வெல்லமும், மாற்றிக்கட்ட மஞ்சள் கயிறும், காதோலை கருகமணியும் வாங்கி வைத்திருந்தாள். நீர் ஒன்றுதான் இல்லை.

"தண்ணியையே அடைக்கிறவன் நாளைக்கு என் பொண்ணுக்குச் சோத்தையும் அடைப்பான். இந்தச் சம்பந்தம் வேண்டாம்."

"நக்கோப்பா!" என்றாள் அன்னக்கிளி, 'வேண்டாம்' என்னும் அவ்வூர்ச் சொல்லைத் தமிழோடு கலந்து. "நல்லாத் தெரியாம அப்படிச் சொல்லாதீங்க." மேற்கொண்டு பேச இயலாமல் உள்ளே போய் அழுதாள். அவ்வழுகை தந்தையின் நெஞ்சை அறுத்தது. ஆயினும் ஐயம் அதைவிடக் கூரியதாய் இருந்தது.

பதினெட்டாம் பெருக்கன்று விடியலில், குனிந்து திருகிக்கொண்டிருந்த ஜகதீசரின் கையை உலகநாதர் எட்டிப் பிடித்தார். கூச்சல் கேட்டு வரிசையே கூடிற்று. வெறுங்குடத்தோடு அபயாம்பாளும், அவள் பின்னே அன்னக்கிளியும் ஓடிவந்தனர்.

"பொண்ணு கேட்டு வந்த கையால தண்ணியை அடைக்கிறீங்களே, இது அடுக்குமா?"

ஜகதீசர் திகைத்தார், பின் அமைதியாக எழுந்தார். "அடைக்கிறது என் வீட்டுத் தொட்டிக்குப் போற தண்ணியை, உலகநாதன். பள்ளத்துல கிடக்கிற தொட்டி. திறந்து விட்டா வர்றது பூரா அதுவே குடிச்சிடும். நான் அடைச்சாத்தானே உங்க வீடு வரைக்கும் ஏறும்? நம்ம பக்கம் முறை வச்சுப் பாய்ச்சறது இல்லையா?"

"அதை ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

"விடற தண்ணியைத் தமுக்கடிச்சா சொல்லுவாங்க? ஆனா ஒண்ணு. பத்து நாளா அடைச்சிட்டுப் போறேன், வந்து பார்த்தா தொட்டி வழிஞ்சு ஓடுது. எந்தப் பாவி திறக்கிறான்னுதான் விளங்கலை."

 அன்னக்கிளியின் பார்வை தந்தையின் உள்ளங்கையில் வந்து நின்றது. பத்து நாள் துருக்கறை அங்கே செம்மண் பூசினாற்போல் படிந்திருந்தது. உலகநாதர் கையை மூடினார். பிறகு, மகள் முகத்தைக் கண்டு, தாமே விரித்தார்.

"அந்தப் பாவி நான்தாங்க," என்றார். 

பெருக்குநாளின் கதிரவன் பாறைகளின்மேல் ஏறிக்கொண்டிருந்தான்; ஜகதீசர் அந்தக் கறைபடிந்த கையைப் பார்த்தார். சினம் வந்ததும் உண்மை, அதை அவர் விழுங்கியதும் உண்மை. "ஆவணில தாம்பூலம் மாத்தறதுல மாத்தம் இல்லை," என்றார் இறுதியில். "ஆனா நாளையிலேருந்து நீங்களே வந்து அடைச்சிட்டுப் போங்க. எனக்கும் முதுகு வலிக்குது." சொல்லிவிட்டுத் திருகினை மூடினார். சற்றைக்கெல்லாம் கடைசி வீட்டுக் குழாய் இருமி, செருமி, பொழிந்தது. அபயாம்பாள் ஓடிக் குடத்தை ஏந்தினாள். அந்நீரை நிமிர்ந்து நோக்க உலகநாதர்க்கு நாணமாக இருந்தது.

ஆறு எத்தனை கிளையாய்ப் பிரியினும் ஒருநாள் கடலில் அடங்கிவிடும். தலைமுறை தலைமுறையாய்ப் பாய்ந்துவந்த ஐயத்துக்கு அத்தகைய கடல் எளிதில் வாய்ப்பதில்லை. மறுநாள் விடியலில் உலகநாதர் தம் கையாலேயே திருகினை மூடினார், கல்லை வைத்தார், வீடு நோக்கி நடந்தார். திரும்பிப் பார்ப்பதில்லை என்று உறுதி பூண்டிருந்தார். பத்தாவது அடியில் கழுத்து தானாகவே திரும்பிற்று.

குழியருகே ஒருவரும் இல்லை.