அத்தை வரிசையில் நின்ற கதை

தாழ்ச்சியில் தன்னை மிஞ்ச எங்கள் மாதா கோவில் பங்கில் ஆளே இல்லை என்று என் மாமியாருக்கு ரொம்பப் பெருமை. நான் கேலி செய்யவில்லை, அவர் வாயாலேயே சொன்னது. சாமியார் தாழ்ச்சியைப் பற்றிப் பிரசங்கம் வைக்கும் நாளில் அத்தை முன் வரிசையில் உட்கார்ந்துகொண்டு, பாடம் ஒப்பிக்கும் பிள்ளையைப் பார்க்கிற டீச்சர் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டே இருப்பார். சாமியார் எங்கேயாவது தடுமாறினால் எடுத்துக்கொடுத்துவிடுவாரோ என்று எனக்கு உள்ளூரப் பயம்.

கோவிலை ஒட்டி ஒரு கூடம். சனிக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் அங்கே ஒரு நீள மேசையைப் போட்டு, இல்லாதவர்களுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு என்று பையில் போட்டுக் கொடுப்பார்கள். அதை நடத்துவது அத்தைதான். பங்கில் எல்லோரும் அவரைக் கூப்பிடுவது 'மேசைக்காரம்மா' என்று. நீல ஏப்ரன், இடுப்பில் சாவிக்கொத்து, கையில் அரிசி அளக்கும் டப்பா. டப்பாவின் தலையில் விரலால் ஒரு தட்டுத் தட்டி மட்டமாக்கித்தான் பைக்குள் கொட்டுவார். ஒரு மணி கூடாது, ஒரு மணி குறையாது.

பையோடு ஓர் உபதேசமும் உண்டு. அதற்கு மட்டும் அளவே கிடையாது. "வாங்குறதுல வெட்கமே இல்ல. நிமிர்ந்து நின்னு வாங்கு. உலையில போடுறப்ப ரெண்டு கைப்பிடி குறைச்சுப் போடு, நாலு நாள் கூட வரும்." வரிசையில் நிற்பவர்களுக்கு இது செபம் மாதிரி மனப்பாடம். அரிசியும் வேண்டும், ஆகவே கேட்டுத்தானே ஆக வேண்டும்? ஒருமுறை தெருமுனைத் தையல்காரி வந்தபோது அத்தையின் கண் அவள் காதுக்குப் போனது. "காதுல தோடு மின்னுதே! அதை வித்தா ரெண்டு மாசம் சாப்பிடலாமே?" என்று கூடமே கேட்கும்படி கேட்டார். "கவரிங்மா" என்றாள் தையல்காரி மெல்ல. பக்கத்தில் நின்று பைகளுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த நான் மேசைக்கு அடியில் புகுந்துகொள்ளலாமா என்று பார்த்தேன்.

அப்புறம் நூல் ஆலையை மூடினார்கள். மாமாவுக்கும் வேலை போனது, என் வீட்டுக்காரருக்கும் வேலை போனது. என் வீட்டுக்காரர் வேலை தேடி வெளியூருக்குப் போனார். மாமா வீட்டிலேயே இருந்தார். கெட்டுப்போன சாமான்களை எல்லாம் ரிப்பேர் செய்து முடித்துவிட்டு, நன்றாக இருந்த சாமான்களையும் பிரித்துப் போட்டு ரிப்பேர் செய்தார். எங்கள் வீட்டுக் கடிகாரம் அன்றிலிருந்து தன் இஷ்டத்துக்குத்தான் ஓடுகிறது.

நடுவில் ஒருநாள் எங்கிருந்தோ ஒரு மூட்டை அரிசி வீட்டுக்கு வந்து இறங்கியது. "ஏது அத்தை?" என்று கேட்டேன். "கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிச்சுக்கிட்டுக் கொடுக்கும்" என்றார். கூரையை அண்ணாந்து பார்த்தேன், அது அப்படியேதான் இருந்தது. மூட்டையும் ஒருநாள் தீர்ந்தது. அரிசி டிரம்மைத் தட்டினால் கோவில் மணி மாதிரி சத்தம் வந்தது.

எனக்குப் பசி வந்தால் கோபம் வரும். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறவளுக்கு எந்நேரமும் பசி, ஆகவே எந்நேரமும் கோபம். "அத்தை, ஊருக்கெல்லாம் கொடுக்குறீங்க. இந்தச் சனிக்கிழமை நமக்கும் ஒரு பை எடுத்துக்கலாமே" என்றேன்.

அத்தை சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். "என்ன பேச்சு பேசுற? இது கொடுத்த கை. இதே கை அதே மேசையில வாங்கினா நாலு பேரு என்ன நினைப்பாங்க?"

"வாங்குறதுல வெட்கமே இல்லன்னு நீங்கதானே சொல்வீங்க?"

"அது வாங்குறவங்களுக்குச் சொல்றது!"

"அப்ப சரி, நான் போய் வரிசையில நிக்கிறேன்" என்று குழந்தையை இடுப்பில் தூக்கினேன். அத்தை வாசலை மறித்துக்கொண்டு நின்றார். ரொம்ப நேர வாக்குவாதத்துக்குப் பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். பக்கத்துப் பங்கிலும் இதுபோல ஒரு மேசை உண்டு, அங்கே புதன்கிழமை. பஸ்ஸில் போய்விடலாம். அங்கே நம்மை யாருக்குத் தெரியும்?

புதன்கிழமை அத்தை வேஷம் கட்டினார். மாமாவின் கறுப்புக் கண்ணாடி, என் பழைய கவுன், நெற்றி வரை இழுத்துக் கட்டிய துணி. கண்ணாடி முன்னால் நின்று, "நான் ரொம்ப நாளா சீக்காளி" என்று நடுங்கும் குரலில் பேசிப் பழகினார். மாமா சிரிப்பை அடக்க முடியாமல் கொல்லைப்புறம் ஓடிவிட்டார். போய்க்கொண்டே, "நீங்க வர்றதுக்குள்ள உலை கொதிச்சிட்டிருக்கும்!" என்று கத்தினார். அவருக்கும் பசிதானே.

பக்கத்துப் பங்கின் கூடத்தில் பாட்டுக் குழுப் பெண்கள் இரண்டு பேர் மேசையில் நின்றார்கள். பாவம், சிரித்த முகம், நல்ல மனசு, ஆனால் வரிசை என்று ஒன்று இல்லை. கிழவர்கள் வெயிலில், திடகாத்திரமான ஆட்கள் நிழலில். சோப்பை அரிசிக்குள்ளேயே போட்டார்கள். டப்பாவைக் கோபுரமாக அள்ளி, பாதியைத் தரையில் சிந்தினார்கள். பக்கத்தில் அத்தைக்கு மூச்சு வாங்கியது.

"அத்தை, வேணாம்" என்றேன்.

"நான் ஒண்ணும் பண்ணல" என்றார். "சோப்பு போட்ட அரிசியில சோறு நுரைக்குமே, அதைச் சொல்லக்கூடாதா?"

"கூடாது. நீங்க சீக்காளி."

பொறுத்தார், உண்மையிலேயே பொறுத்தார். அந்த நேரம் பார்த்து ஒரு தடியன் ஒரு கிழவியை இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் போனான். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா? கறுப்புக் கண்ணாடி கழன்றது. "ஏய்! யாருப்பா அது? பின்னாடி போ! பெரியவங்கல்லாம் நிழலுக்கு வாங்க! ஏம்மா பொண்ணே, டப்பாவை இப்படிக் கொடு!" கண் மூடித் திறப்பதற்குள் அத்தை மேசைக்கு அந்தப் பக்கம். டப்பாவின் தலையில் விரல் ஒரு தட்டு. கூட்டம் ரயில் பெட்டி மாதிரி நேரானது. பெண்கள் இருவரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

நான் குழந்தையோடு வரிசையிலேயே நின்றேன். ஒருவழியாக முன்னால் வந்தேன். எனக்குப் பின்னால் இன்னும் நிறையப் பேர், மேசையில் பைகளோ கொஞ்சம். அத்தை நிமிர்ந்து, என் தலைக்கு மேலே பார்த்து, உரக்கச் சொன்னார்: "பை கம்மியா இருக்கு! இந்தப் பங்கு ஆளுங்களுக்குத்தான் முதல்ல. வெளிப் பங்கு ஆளுங்க ஒதுங்கி நில்லுங்க!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் கூடவே மருமகளையும் பேத்தியையும் சேர்த்துக் கெடுத்தது. "அத்தை" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு. அவர் முகத்தில் ஒரு கணம் பொறி தட்டியது. அதற்குள் சொல் வாயைவிட்டுப் போய்விட்டது, கூட்டம் முழுவதும் என்னையே பார்த்தது. ஒதுங்கி நின்றேன். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. கடைசிப் பை அந்தத் தடியனுக்குப் போனது.

அந்தப் பங்குச் சாமியார் வந்தார். குண்டான, சந்தோஷமான மனிதர். "நம்ம கூடத்துல இப்படி ஒரு வரிசையா! நீங்க யாரும்மா?" என்று கேட்டார்.

அத்தை சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம்தான். ஆனால் எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். "பக்கத்துப் பங்கு, ஃபாதர். சும்மா ஒரு கை கொடுக்கலாம்னு வந்தோம்" என்றார். எங்களுக்குத் தேநீர் கொடுத்து, ஆசீர்வதித்து, பஸ் வரைக்கும் வந்து வழியனுப்பினார்கள். காலிப் பை என் அக்குளில் மடித்த மடிப்புக் கலையாமல் இருந்தது.

பஸ்ஸில் அத்தை கொஞ்ச தூரம், "பாத்தியா, எப்படி நேராக்கினேன்!" என்றார். நான் காலிப் பையை எடுத்து அவர் மடியில் வைத்தேன். அப்புறம் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் மாமா சொன்னபடியே உலை தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தவர் எங்கள் முகத்தைப் பார்த்தார், பையைப் பார்த்தார். கொஞ்சம் தேயிலையை அந்தப் பானையிலேயே போட்டு, "இன்னைக்கு எல்லாருக்கும் நிறைய டீ" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"எனக்குப் பசிக்குது அத்தை" என்றேன். "பாப்பாவுக்குப் பால் சரியா ஊறல. உங்க நல்ல பேரைக் காய்ச்சிக் குடிக்கவா?"

தனக்குப் போகத்தான் தானமும் தருமமும் என்று இன்னும் என்னென்னவோ சொன்னேன். என் வாய் அப்படி. எப்போதும் ஒன்றுக்குப் பத்தாகத் திருப்பிக் கொடுக்கும் அத்தை அன்று செபமாலையை எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போனார். உள்ளே செபமாலை சொல்லும் முணுமுணுப்புக் கேட்டது. நடுநடுவே மூக்கைச் சிந்துவதும் கேட்டது.

சனிக்கிழமை வந்தது. அதுவரை மாமா யாரிடமோ கைமாற்றாக வாங்கிவந்த கிழங்கை அவித்துத் தின்றோம். பூசை முடிந்து கூடத்தில் வரிசை நின்றது. அத்தை ஏப்ரனைக் கட்டிக்கொண்டு மேசைக்குப் பின்னால் நின்றார். நான் என் வழக்கமான இடத்தில் நிற்கவில்லை. குழந்தையோடு வரிசையில் போய் நின்றேன். வருவது வரட்டும். அத்தை என்னைப் பார்த்தார், பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

அப்போது எங்கள் பங்குச் சாமியார் துள்ளாத குறையாக உள்ளே வந்தார். "எல்லாரும் கேளுங்க! பக்கத்துப் பங்குச் சாமியார் போன் பண்ணினார். நம்ம மேசைக்காரம்மா யாருக்கும் சொல்லாம அங்க போய், வெயில்ல நின்னு அவங்க சனங்களுக்கும் சேவை செஞ்சிருக்காங்க! தாழ்ச்சி தாழ்ச்சின்னு பிரசங்கம் வெச்சு என் தொண்டை வறண்டதுதான் மிச்சம். இவங்க செஞ்சே காட்டிட்டாங்க!"

கூடம் கைதட்டலில் அதிர்ந்தது. அத்தையின் முகம் சிவந்தது. போச்சு, மாலை போடாத குறை, இனி இந்த ஜென்மத்தில் இவர் வாங்க மாட்டார் என்று நினைத்தேன்.

"நான் கொடுக்கப் போகல சாமி" என்றார் அத்தை. "வாங்கப் போனேன்."

கைதட்டல் அங்கங்கே நின்று போனது.

"வீட்டுல அரிசி இல்ல. இங்க வாங்கினா நாலு பேரு பாப்பாங்கன்னு அங்க போனேன். எங்க வீட்டுக்காரரோட கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, சீக்காளி மாதிரி..." என்று ஆரம்பித்தவர் எல்லாவற்றையும் சொன்னார். சோறு நுரைக்கும் என்று பயந்ததை, தடியனை விரட்டியதை, வெளிப் பங்கு ஆட்கள் ஒதுங்கி நில்லுங்கள் என்று தன் மருமகளையே ஒதுக்கியதை. அந்த இடத்தில் யாரோ 'க்ளுக்' என்றார்கள். சாமியார் வாயைப் பொத்திக்கொண்டார், தோள் குலுங்கியது. பிறகு கூடமே சிரித்தது. அத்தை முதலில் முறைத்தார். பிறகு, "அந்தத் தடியனுக்குக் கடைசிப் பை!" என்று தானும் சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

சிரித்து முடித்ததும் ஏப்ரனைக் கழற்றி மேசை மேல் வைத்தார். சுற்றி இந்தப் பக்கம் வந்தார். நேராகப் போய் வரிசையின் கடைசியில் நின்றார்.

மேசைக்குப் பின்னால் ஆளில்லை. எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வரிசையின் முன்னால் நின்ற தையல்காரி மெதுவாகச் சுற்றிப் போய் ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டாள். டப்பாவை எடுத்துக் கோபுரமாக அள்ளினாள். தட்டவில்லை. என் முறை வந்தபோது பையை என் தோளில் மாட்டிவிட்டு, குழந்தையின் கன்னத்தைத் தொட்டுக்கொண்டாள்.

கடைசியில் அத்தை. வாங்கிக்கொண்டவர்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. தையல்காரி இடுப்பில் கை வைத்தாள். அத்தையின் குரலை அப்படியே எடுத்தாள்.

"வாங்குறதுல வெட்கமே இல்ல. நிமிர்ந்து நின்னு வாங்கு. உலையில போடுறப்ப ரெண்டு கைப்பிடி குறைச்சுப் போடு!"

கூடம் கிழிகிற மாதிரி சிரிப்பு. அத்தை பணிவாகத் தலையை ஆட்டினார். தையல்காரிக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"ஏம்மா, காதுல தோடு மின்னுதே! அதை வித்தா ரெண்டு மாசம் சாப்பிடலாமே?"

"கவரிங்மா" என்றார் அத்தை.

மறுபடி சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பாதியில் நின்றுவிட்டேன். அத்தையின் காதைப் பார்த்தேன். கல்யாணத்துக்குப் போட்ட தோடு அது, குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டார். அதே வடிவம்தான். ஆனால் ஓரத்தில் சாயம் போய்ச் செம்பு தெரிந்தது. கூரையைப் பிய்த்துக்கொண்டு வந்த அந்த மூட்டை அரிசி எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தையல்காரிக்கும் புரிந்திருக்க வேண்டும். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, மேசைக்கு மேலாக எட்டி அத்தையைக் கட்டிக்கொண்டாள். இருவருக்கும் நடுவில் பை நசுங்கியது.

வீட்டுக்குப் போகும் வழியில் அத்தையின் பையையும் நானே கேட்டு வாங்கிச் சுமந்தேன். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டே நடந்தேன். அத்தைக்கு அந்தக் கஷ்டம் ஏது?

"உனக்குப் போடுறப்ப அவ டப்பாவைத் தட்டினாளா?"

"இல்ல அத்தை. கோபுரமாத்தான் போட்டாங்க."

"அளவே தெரியல அவளுக்கு" என்றார் திருப்தியாக.

வீட்டில் உலை வைத்தோம். அத்தைதான் அரிசி அளந்தார். வழக்கமான அளவைப் போட்டார். குறைப்பதற்கு இரண்டு கைப்பிடி எடுப்பார் என்று காத்திருந்தேன். பைக்குள் கையை விட்டு இரண்டு கைப்பிடி அள்ளி, கூடவே போட்டார்.

"என்ன முறைச்சுப் பாக்குற?" என்றார். "பால் கொடுக்குறவ, வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடு."