லாஸ்ட் டிரெயில் கணவாயில் இரண்டு டீசல் வண்டிகள்

வெர்லின் ஆமுன்ரூடின் பழைய டீசல் பிக்கப் வருவதற்கு முன்பே அதன் சத்தம் வந்துவிடும். தகர டப்பாவில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கினால் எழுமே, அப்படியொரு சத்தம். சால்மன் என்ற அந்தச் சிறிய மலையூரில் பாதிப் பேருக்கு அந்தச் சத்தத்தை வைத்தே அவன் எந்தத் தெருவில் போகிறான் என்று சொல்லத் தெரியும். குளிர்காலமெல்லாம் மாவட்ட நிர்வாகத்துக்காகச் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவன், வீட்டுக்கு வந்ததும் தன் பிக்கப்பின் எஞ்சின் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டு நிற்பான். சாப்பாடு ஆறிப்போகும். அவன் மனைவி நோரீன், "அது உள்ள என்ன, டிவி ஓடுதா?" என்று ஜன்னல் வழியாகக் கத்துவாள்.

இருவரும் ஒரே வருடம் வேலையிலிருந்து ஓய்வு பெற முடிவு செய்திருந்தார்கள். ஒரு கேம்பரும் வாங்கியாயிற்று. படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளே அடங்கிய இழுவை வீடு. குளிர் தொடங்கியதும் அதை இழுத்துக்கொண்டு அரிசோனா பாலைவனத்துக்குப் போவது, பனி உருகிய பிறகு திரும்புவது என்று திட்டம். நோரீன் அதன் ஜன்னல்களுக்கு மஞ்சள் துணியில் திரை தைத்து மாட்டினாள். மிச்சமிருந்தது ஒரே கேள்விதான். எந்த வண்டி இழுப்பது?

கிழட்டு வண்டியை வெர்லின் உயிரே போனாலும் விடமாட்டான் என்றுதான் ஊரே நினைத்தது. நோரீனும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள், மான்கறிக் குழம்பைத் தட்டில் ஊற்றிக்கொண்டே அவன் பேச்சை எடுத்தான்.

"பழசு வேலைக்காவாது, நோரீன். புதுசா ஒண்ணு பாத்துடலாம்."

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சலும் இல்லையே."

"வெளயாடாத. ஏத்தத்துல அது மூச்சு வாங்குது. எறக்கத்துல அதைவிட மோசம். பின்னால அவ்வளவு எடை தள்ளும்போது வெறும் பிரேக்க நம்பி எவ்வளவு தூரம் எறங்க முடியும்? புதுசுல எக்ஸாஸ்ட் பிரேக் இருக்கு. ஒரு பட்டன அமுக்கிட்டா வண்டியே தன்னைப் பிடிச்சுக்கும்."

"மெதுவாப் போவோம். நமக்கு என்ன, ஆஃபீஸுக்கா நேரமாச்சு?"

அன்றிலிருந்து குளிர்காலம் முழுக்க இதே வழக்குத்தான். வினோதம் என்னவென்றால், பழைய வண்டிக்காக வாதாடியவள் நோரீன். அவளுக்கு அந்த வண்டியின் மேல் தனிப்பட்ட பிரியம் ஒன்றுமில்லை. கிளட்ச் மிதித்தால் முழங்கால் நோகும். ஹீட்டர் சூடாவதற்குள் போகவேண்டிய இடம் வந்துவிடும். ஆனால் அதை விட்டால் அவன் மனம் உடைந்துபோவான் என்று அவளுக்குப் பட்டது. அதனால் அவன் வாயிலிருந்து வருடக்கணக்காகக் கேட்ட நியாயங்களையே எடுத்து அவனிடம் திருப்பி அடித்தாள்.

"அதுல எது ஒடஞ்சாலும் ரோட்டோரத்துல ஒரு ஸ்பேனர வச்சே நீ சரி பண்ணிடுவ. புதுசுல ஒரு சென்சார் போனாப் போதும், ஒன்றரை லட்சம் மைல் ஓடுன எஞ்சினாட்டம் நொண்டும். போதாக்குறைக்குப் புகையச் சுத்தம் பண்ண யூரியா தண்ணி வேற ஊத்தணும். அது தீந்தா நத்தை வேகத்துக்கு மேல போகவே விடாதாம். நீதான் சொன்ன."

"நான் இருந்தா சரி பண்ணுவேன். நான் பக்கத்துல இல்லன்னா?"

"எங்க போயிடப் போற? இன்னும் இருபது வருஷம் என் உயிர எடுத்துட்டுத்தான் போவ."

அவன் சிரிக்கவில்லை. தட்டைக் கழுவப் போய்விட்டான். வயதாகிறதல்லவா, மனுஷனுக்குச் சாவு பற்றிய நினைப்பு வந்துவிட்டது போலிருக்கிறது என்று நோரீன் நினைத்துக்கொண்டாள். மறுநாளே விட்டுக்கொடுத்தாள்.

மிசூலாவுக்குப் போய் புதிய வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். சாம்பல் நிறம். உள்ளே உட்கார்ந்தால் டீசல் ஓடுகிறது என்றே தெரியாது. இருக்கை முதுகைச் சூடாக்கியது. பின்னால் கேம்பரைக் கொக்கியில் மாட்டக் கேமரா வழி காட்டியது. பழைய வண்டியை விற்கவில்லை. விறகு ஏற்ற இருக்கட்டும் என்றான் வெர்லின். பிறகு அவளைச் சந்தைத் திடலுக்குக் கூட்டிப்போய், இழுவை ஓட்டக் கற்றுக்கொடுத்தான். கொக்கியைப் பூட்டுவது, சங்கிலியைக் குறுக்காகப் போடுவது, விளக்குகளைச் சோதிப்பது, பின்னோக்கித் தள்ளுவது. அவள் கேம்பரைக் கம்பத்தில் இடித்தபோதுகூட அவன் கத்தவில்லை. "பரவால்ல, இன்னொரு தடவ" என்றான். முப்பது வருட வாழ்க்கையில் அவனிடம் அத்தனை பொறுமையை அவள் பார்த்ததில்லை.

தேவாலயத்தில், கடையில், பந்து உருட்டும் கூடத்தில், பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். "எனக்காக அந்த வண்டியவே விட்டுக்குடுத்துட்டான். நம்ப முடியுதா?" கேட்டவர்கள் தலையாட்டினார்கள். ஒன்றிரண்டு பேர் அவள் முகத்தைப் பார்க்காமல் தலையாட்டினார்கள் என்பது அப்போது அவளுக்குப் படவில்லை.

ஜூனில் கில் ராஸ்முசன் ஒரு பந்தயம் கட்டினான். கில், வெர்லினோடு பனி தள்ளியவன். மலைக்கு அந்தப் பக்கம், மொன்டானாவில் சூலா அருகே ஆற்றோரம் கேம்பர் போட்டு இருந்தான். இரண்டு வண்டிகளும் ஒரே கேம்பரை லாஸ்ட் டிரெயில் கணவாய் வழியாக இழுக்கட்டும், எது தேவலாம் என்று பார்த்துவிடலாம் என்றான். போகும்போது பழையது இழுப்பது, வரும்போது புதியது என்று முடிவாயிற்று.

வெர்லின் பழைய வண்டியில் கேம்பரைக் கட்டி முன்னால் போனான். நோரீன் புதியதில் பின்னால் போனாள். ஏற்றம் தொடங்கியதும் பழைய வண்டி மூன்றாம் கியரில் முனகிக்கொண்டு, கரும்புகையைக் கக்கியபடி ஏறியது. பின்னால் ஒரு ஊர்வலமே சேர்ந்துவிட்டது. ஒருத்தன் ஹார்ன் அடித்தான். நோரீன் கண்ணாடியில் அவனைப் பார்த்து, "உங்க அம்மா வீட்டுக்கா அவசரமாப் போற?" என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்தாள். உச்சியைத் தாண்டி இறங்கும்போது சிரிப்பு போய்விட்டது. முன்னால் பிரேக் விளக்கு அணையவே இல்லை. காய்ந்த நாற்றம் அவள் வண்டிக்குள்ளும் வந்தது. வெர்லின் சொன்னது சரிதான் என்று அவளுக்குப் புரிந்தது. இந்த மலையில் இந்த எடைக்குப் புதியதுதான் பொருத்தம். இத்தனை நாள் வீம்பு பிடித்தோமே என்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

சூலாவில் கேம்பரைக் கழற்றி நிறுத்தினார்கள். வெர்லின் பிரேக்கைப் பார்க்கப் பழைய வண்டிக்கு அடியில் புகுந்துகொண்டான். கில் கொஞ்சம் தள்ளி, கரி அடுப்பில் சாசேஜ் வாட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு எதிரே நோரீன் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உன் தைரியத்த மெச்சணும், நோரீன்" என்றான் கில். "தனியா அவ்வளவு தூரம்! என் வீட்டுக்காரி பால் வாங்கப் போறதுக்கே என்னைத் தொணைக்குக் கூப்புடுவா."

"எவ்வளவு தூரம்?"

"அரிசோனாவுக்குத்தான். வெர்லின் சொன்னானே. சண்ட சச்சரவு இல்லாம, வக்கீல்கிட்ட அலையாம, பெரிய மனுஷங்க மாதிரி பேசி முடிச்சிட்டீங்கன்னு. அவளுக்கு வண்டியும் கேம்பரும் குடுத்து, எல்லாத்தையும் கத்துக்குடுத்துட்டுத்தான் நான் சாலிஸுக்குக் குடி போவேன்னான். நல்லவன்தான், என்ன சொல்ற?"

சாலிஸ். அங்கே யார் இருக்கிறாள் என்று நோரீன் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. லவான். கணவனை இழந்தவள், மாடு வளர்ப்பவள். அவள் வீட்டுப் பாதையில் பனி தள்ளப் போன நாட்களிலெல்லாம் வெர்லின் இருட்டிய பிறகுதான் திரும்புவான். 'பாவம், தனி ஆள்' என்று அவளுக்கு ஆப்பிள் பை பலகாரம் செய்து கொடுத்தனுப்பியதே நோரீன்தான்.

"கடுகு சாஸ் இருக்கா?" என்று கேட்டாள்.

கில் புட்டியை நீட்டியவன், அவள் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றான். "நோரீன்... உனக்குத் தெரியுந்தானே?"

அவள் புட்டியை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனாள். வண்டிக்கு அடியிலிருந்து வெர்லினின் பூட்ஸ் மட்டும் வெளியே தெரிந்தது. அந்தப் பூட்ஸிடம்தான் கேட்டாள்.

"எப்பலேந்து?"

"என்னது?"

"லவான்."

உள்ளே ஸ்பேனர் சத்தம் நின்றது.

"நவம்பர்" என்றது அடியிலிருந்து ஒரு குரல். "முடிவு பண்ணது நவம்பர்ல. அதுக்கு முன்னாடி..."

"வெளிய வா. வண்டிக்கடியில படுத்துக்கிட்டுச் சொல்ற விஷயமா இது?"

அவன் ஊர்ந்து வெளியே வந்து, கையைத் துணியில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். "அரிசோனா போறதுக்கு முன்னாடி சொல்லிடலாம்னு இருந்தேன். உன்ன நட்டாத்துல விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரல, நோரீன். அதான் இந்த வண்டி. உனக்கு ஒரு கஷ்டமும் இருக்காது. எல்லாம் நீயே பண்ணிக்கலாம். அதுக்குத்தான் பாத்துப் பாத்து..."

"நான் உன் வண்டிக்காக வாதாடுனேன், வெர்லின்." அவள் கத்தவில்லை. "குளிர்காலம் பூரா. நீ மனசு ஒடஞ்சுடுவன்னு. நீ எதுக்க ஒக்காந்து கேட்டுக்கிட்டு இருந்த. எனக்காக விட்டுக்குடுத்தான்னு நான் ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சேன். அதையும் கேட்டுக்கிட்டு இருந்த. ஒரு தடவையாவது, வாய மூடுடீன்னு சொல்லியிருக்கலாம்ல?"

கேம்பரை மாற்றி மாட்டுவதற்காக அவளிடம் வாங்கி வைத்திருந்த புதிய வண்டியின் சாவியை அவன் பையிலிருந்து எடுத்து நீட்டினான்.

நோரீன் அந்தச் சாவியைப் பார்த்தாள். சூடாகும் இருக்கை, கேமரா, தானே பிடித்துக்கொள்ளும் பிரேக், சந்தைத் திடலில் காட்டிய பொறுமை, எல்லாம் அந்தச் சாவியில் தொங்கின. அவள் அவனைச் சுற்றிக்கொண்டு போய்ப் பழைய வண்டியின் கதவைத் திறந்தாள். அதில் சாவி எப்போதும் போட்டபடியே கிடக்கும்.

"நோரீன், அது வேணாம். உனக்கு அந்தக் கிளட்ச் ஒத்துக்காது. அதோட, அங்க மாடு ஏத்தற டிரெய்லர் இழுக்கறதுக்கு..." பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"ஓஹோ! வேலைக்காவாதுன்னியே? விறகுக்குன்னியே?" அவளுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. "புதுச நீயே வச்சுக்க. கேம்பரையும் வச்சுக்க. பின்னால என்ன இருக்குன்னு கேமராவுல பாத்துக்க."

இரண்டு முறை வண்டி குதித்து நின்றுபோயிற்று. கில் அடுப்பைப் பார்த்தபடி திரும்பி நின்றுகொண்டிருந்தான். மூன்றாம் முறை பிடித்துக்கொண்டது. கூழாங்கல் சத்தத்தோடு அவள் சாலைக்கு ஏறினாள்.

பின்னால் எடை இல்லாததால் மலை அவ்வளவு கடினமாக இல்லை. உச்சியில் ஓரமாக நிறுத்தி, ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதாள். லவானுக்காகக்கூட அழவில்லை. அந்தச் சமையலறை மேசையை நினைத்துத்தான் அழுதாள். எதிரே உட்கார்ந்து, தன்னிடமிருந்து கழன்றுகொள்ள வழி பார்த்துக்கொண்டிருந்த மனுஷனுக்கு, தான் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றியதை நினைத்து அழுதாள்.

மலை இறங்கி நார்த் ஃபோர்க் ஊர் வந்ததும் போனில் உயிர் வந்தது. வெர்லினின் குரல் செய்தி ஒன்று பதிவாகிக் காத்திருந்தது. மன்னிப்புக் கேட்டிருப்பான் என்று நினைத்தாள். நினைத்ததற்காகப் பிறகு ரொம்ப நாள் தன்மேலேயே கோபம் இருந்தது. "கிளட்ச்ச பாதி மிதியில வச்சு ஓட்டாத, தேஞ்சுடும்" என்றது குரல். "எறக்கத்துல ரெண்டாங் கியர்லயே வா. பிரேக் இன்னும் ஆறியிருக்காது." அவ்வளவுதான். இருமுறை கேட்டாள், முடிவில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று. இல்லை.

அடுத்த வாரம் அவன் சாம்பல் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றான். மாற்றிக்கொள்ளலாம், இதுதான் உனக்கு வசதி, யோசித்துப் பார் என்றான். கொசுவலைக் கதவைத் திறக்காமலேயே அவள் பேசினாள்.

"வசதிதான். எனக்கும் தெரியும். வேணாம்."

"வீம்புக்குப் பண்ற."

"ஆமா."

பிரிந்து சொத்தைப் பங்கிட்டபோது பழைய வண்டி அவள் பங்குக்கு வந்தது. கோடை முழுக்க அதை ஓட்டினாள். முழங்கால் வீங்கியது. கடைத்தெருவில் எல்லோரும் சத்தம் கேட்டு வெர்லின் என்று திரும்பிப் பார்த்துவிட்டு, அவளைக் கண்டதும் அவசரமாக வேறு பக்கம் பார்த்தார்கள். புல் அறுக்கும் பருவம் முடிந்ததும், லீடோரிலிருந்து வந்த ஒரு விவசாயிக்கு விற்றுவிட்டாள். வெர்லின் ஆள் மூலமாகக் கேட்டனுப்பியிருந்தான், அவனுக்குக் கொடுக்கவில்லை. அதில் இரண்டு நாள் திருப்தி இருந்தது. மூன்றாம் நாள் இல்லை.

பனி விழத் தொடங்கிய ஒரு காலையில், கடையில் கில்லின் மனைவி பெட்டினா தள்ளுவண்டியோடு எதிர்ப்பட்டாள். வெர்லினும் லவானும் கேம்பரோடு அரிசோனா போய்விட்டதாகச் சொன்னாள். சொல்லியிருக்க வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் அவளுக்குத் தோன்றியது.

"தெரியாமத்தான் கேக்கறேன்" என்றாள் பெட்டினா. "அவ்வளவு நல்ல வண்டி, கேம்பர் எல்லாத்தையும் ஏன் அவங்களுக்கு விட்டுட்டு வந்த? கில்லுக்கு மனசே ஆறல."

"கில்லுக்கு நவம்பர்லயே தெரியுமா?"

பெட்டினா தள்ளுவண்டியின் பிடியைப் பார்த்தாள். "கிறிஸ்துமஸ் வாக்குல" என்றாள்.

"உனக்கு?"

பெட்டினா தள்ளுவண்டியிலிருந்த சாமான்களை மாற்றி அடுக்கத் தொடங்கினாள். அந்தக் கிறிஸ்துமஸ் விருந்துக்கு நான்கு பேரும் ஒன்றாகத்தான் உட்கார்ந்தார்கள். வெர்லின் புதிய வண்டிகளைப் பற்றிப் பேச, நோரீன் மறுத்துப் பேச, மற்ற இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

நோரீன் உருளைக்கிழங்குப் பையைத் தன் தள்ளுவண்டியில் வைத்தாள். "மஞ்சள் திரை போட்டிருந்தேன் அந்தக் கேம்பருக்கு" என்றாள். "வெயில்ல சீக்கிரம் வெளுத்துடும். லவான்கிட்ட சொல்லு." பணம் கட்டும் வரிசைக்குப் போய் நின்றாள். பெட்டினா பின்னாலேயே வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நோரீன் திரும்பிப் பார்க்கவில்லை.