கழுத்தைத் துடைத்தால்

எனக்கு சோபா போட்டிருந்தார்கள். கேலரியின் முன்வரிசையில், நெட்டுக்கு நேராக, வெள்ளைத் துணி விரித்த சோபா. பக்கத்தில் பிரின்சிபால். முன்னால் டீப்பாயில் பூங்கொத்து, தண்ணீர் பாட்டில், ஒரு தட்டு முந்திரி. வாலிபால் ஃபைனலை முந்திரி தின்றுகொண்டு பார்க்கிறவளாக என்னை ஆக்கிவிட்டார்களே என்று பற்றிக்கொண்டு வந்தது. தாம்பரத்தில் இந்தக் காலேஜின் பெண்கள் அணிக்குக் கோச்சாக இருந்த காலம் முழுக்க மேட்ச்சில் நான் உட்கார்ந்ததே கிடையாது. பெஞ்சில் என் பேக்தான் உட்கார்ந்திருக்கும். நான் கோட்டோரமாக நடந்துகொண்டே இருப்பேன். ரெஃப்ரி கூப்பிட்டுத் திட்டுவார். கொஞ்ச நேரம் நிற்பேன், மறுபடி நடப்பேன். "தையல் மேடம் நடந்த தூரத்துக்கு இந்நேரம் திருப்பதிக்கே போயிருக்கலாம்" என்று பிள்ளைகள் கிண்டலடிக்கும். பெயர் தையல்நாயகி, ஆனால் முழுசாக யாரும் கூப்பிட்டதில்லை. கோப்பைகளை வைக்க அலமாரி போதாமல் பிரின்சிபால் ரூம் ஜன்னல் திட்டில்கூட அடுக்கி வைத்திருக்கிறோம். அவ்வளவும் நடந்தே வாங்கியது.

ஜூன் மாதம் என்னை ஸ்போர்ட்ஸ் டைரக்டர் ஆக்கினார்கள். ஏசி ரூம், சுழல் நாற்காலி, கதவில் பெயர்ப்பலகை. "வெயில்ல நின்னதெல்லாம் போதும் மேடம். இனிமே மேற்பார்வை பாத்தா போதும்" என்றார் பிரின்சிபால். மாலை போட்டு ஓரங்கட்டுவது என்பார்களே, அதுதான். ஒரே ஆறுதல், என் இடத்துக்கு வினிதா வந்தது. பம்மலிலிருந்து ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு வந்து என்னிடம் ஆடக் கற்றவள், என் பழைய கேப்டன். குரல் என்னைவிடச் சின்னது, மூளை பெரியது. அவளுக்கு ஒரு வருஷ ஒப்பந்தம்தான். "இந்த ஃபைனல் போச்சுன்னா வேற ஆள் பாக்க வேண்டியதுதான்" என்று பிரின்சிபால் காலையில்தான் என்னிடம் சொல்லியிருந்தார். வேற ஆள் என்றதும் என் மனசு எங்கே போனது தெரியுமா? நேராக என்னிடமே வந்தது. வினிதா தோற்றால் "நீங்களே வந்துடுங்க மேடம்" என்று கூப்பிட மாட்டார்களா என்று ஒரு நப்பாசை. என் கையால் வளர்த்த பெண் அவள். இருந்தாலும் நினைத்தேன்.

எதிரே ஊரப்பாக்கத்து அணி. ஆளுக்கு இரண்டு செட் ஆகி, கடைசி செட் ஓடிக்கொண்டிருந்தது. காற்றில் பந்து திசைமாறும் என்று ஃபேனை எல்லாம் நிறுத்திவிடுவார்கள். ஹாலே இட்லிப் பானையாகப் புழுங்கியது. ஒவ்வொரு பாயின்ட் போகும்போதும் எங்கள் பிள்ளைகள் ஆறு பேரும் தலையைத் தூக்கிக் கேலரியைப் பார்த்தார்கள். சோபாவை. என்னை. பொய் சொல்வானேன், முதலில் ஜிவ்வென்று இருந்தது. பார்த்தீர்களா சார், யாரைத் தேடுகிறார்கள் பார்த்தீர்களா என்று பிரின்சிபாலின் தோளைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது.

அப்போதுதான் அது நடந்தது. ஷபீனாதான் எங்கள் செட்டர், அடிக்கிறவளுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள். வினிதா பெஞ்சிலிருந்து காதைத் தொட்டுக் காட்டினாள். நடுவில் கொடு என்று அர்த்தம். எங்கள் சைகைகள் எல்லாமே நான் ஏற்படுத்தியவை. வினிதா எதையும் மாற்றவில்லை. எனக்கு வேர்த்து ஊற்றியது. கைக்குட்டையை எடுத்துப் பின்கழுத்தைத் துடைத்தேன். ஷபீனா பந்தைத் தலைக்குப் பின்னால் அனுப்பினாள். அங்கே யாருமே இல்லை. அடிக்க வேண்டியவள் நடுவில் வெறுங்காற்றில் குதித்து இறங்கினாள். பந்து காலி இடத்தில் பொத்தென்று விழுந்தது.

வினிதா டைம்-அவுட் கேட்டாள். பெஞ்ச் எங்களுக்கு நேர் கீழே, பேசுவது எல்லாம் கேட்டது.

"இன்னாடி பண்ற? நடுவுலன்னுதானே காட்டுனேன்?"

"மேடம் கழுத்தத் தொடச்சாங்கக்கா."

கழுத்தைத் துடைத்தால் பின்னால் கொடு. அதுவும் என் சைகைதான். வினிதா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை.

"அவங்க வேர்வைக்குத் தொடச்சாங்கடி" என்றாள்.

ஆமாம், வேர்வைக்குத்தான். ஆனால் அவள் காதைத் தொட்ட அந்த நொடியில், 'நடுவில் வேண்டாம், பின்னால்தான் கொடுக்கணும்' என்று எனக்குள் ஓடியதும் உண்மை. கை வேர்வைக்குப் போனதா, அதற்குப் போனதா என்று என்னைக் கேட்டால் என்ன சொல்வேன்?

இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

"டென்ஷன் ஆவாதீங்க மேடம். முந்திரி எடுத்துக்கங்க" என்றார் பிரின்சிபால்.

கையைக் கட்டிப்போட்டும் பிரயோஜனமில்லை. பிள்ளைகள் இப்போது என் முகத்தைத் தேடினார்கள். முகத்தில் ஒன்றும் கிடைக்காமல் இன்னும் மிரண்டார்கள். வினிதா கத்திக்கொண்டே இருந்தாள், ஒருத்தி காதிலும் ஏறவில்லை. நாங்கள் எட்டு, ஊரப்பாக்கம் பதினொன்று. கடைசி செட் பதினைந்துக்குத்தான், அவர்கள் இன்னும் நாலு எடுத்தால் ஆட்டம் முடிந்துவிடும், வினிதாவின் வேலையும் முடிந்துவிடும். நான் பேசாமல் இந்த சோபாவில் உட்கார்ந்திருந்தாலே போதும், எல்லாம் நான் ஆசைப்பட்ட மாதிரியே நடந்துவிடும். அடச்சீ என்றிருந்தது.

எழுந்தேன்.

"எங்க மேடம்? ப்ரைஸ் நீங்கதான் குடுக்கணும்!"

"பாத்ரூம் சார்."

பின்பக்கமாகப் போயிருக்கலாம். வேண்டுமென்றே கீழே இறங்கி, எங்கள் பிள்ளைகள் எல்லோர் கண்ணிலும் படும்படி கோட்டோரமாகவே நடந்து வெளியே வந்தேன். ஷபீனா வாயைத் திறந்தபடி நின்றாள். வினிதாவும் பார்த்தாள். கூப்பிடவில்லை.

கேட்டுக்கு வெளியே ஜலால் அண்ணாவின் டீக்கடை. ஒவ்வொரு ஃபைனல் முடிந்ததும் நானும் வினிதாவும் அங்கேதான் வந்து நிற்போம், தோற்றாலும் ஜெயித்தாலும்.

"இன்னா மேடம், உள்ள ஆட்டம் நடந்துகினு கீது, நீங்க இங்க வந்துட்டீங்க?"

"வெளிய அனுப்பிட்டாங்க."

"உங்களயா? ஆரு மேடம் அது?"

"நான்தான்."

அவருக்குப் புரியவில்லை. வழக்கம்போல இரண்டு டீ போட்டு வைத்தார். என்னால் உட்கார முடியவில்லை. கடைக்கும் கேட்டுக்கும் நடுவே நடந்தேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்கள் ஹாரன் அடித்தே உயிரை வாங்கின. தலைக்கு மேல் ஒரு விமானம் தாழ்வாகப் போய் இருந்த சத்தத்தையும் விழுங்கியது. எங்கள் அணி பாயின்ட் எடுத்தால் காலால் தரையை ஒரு உதை உதைத்து, "அடுத்து!" என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்ல வேண்டும். அதற்கு மேல் சிரிப்போ கூத்தோ கூடாது. அது என் சட்டம். அந்த "அடுத்து"க்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வரவேயில்லை.

விசில். பிறகு "ஏஏஏய்!" என்று நீளமாக ஒரு கூச்சல், அதன் வாலில் சிரிப்பு. ஊரப்பாக்கத்துப் பிள்ளைகள் என்று நினைத்தேன். போச்சு என்று நினைத்தேன். மறுபடி விசில், மறுபடி அதே கூச்சல். இந்த முறை அதற்குள் ஒரு கட்டைக் குரல் தனியாகக் கேட்டது. ஷபீனா! மேட்ச் நடுவில் அவள் சிரித்து நான் கேட்டதே இல்லை. யார் சொல்லிக்கொடுத்தது இது? நான் இல்லை. மூன்றாவது தடவை அது வந்தபோது கேட்டைப் பார்த்து இரண்டடி வைத்துவிட்டேன். சந்தோஷம்தான். வயிறும் எரிந்தது.

கடைசியில் நீளமாக ஒரு விசில். ஹாலே இடிந்து விழுகிற மாதிரி ஆரவாரம். அது யாருக்கு என்று வெளியிலிருந்து எப்படித் தெரியும்?

"போய்ப் பாருங்க மேடம்" என்றார் ஜலால் அண்ணா.

"வருவாங்க."

மேட்ச் முடிந்தால் முதல் ஓட்டம் என்னிடம்தான் இருக்கும். ஜெயித்தால் தூக்குவார்கள், தோற்றால் தோளில் அழுவார்கள். கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆரவாரம் அடங்கவில்லை. கேட்டைத் தாண்டி ஒருத்தியும் வரவில்லை. இரண்டாவது டம்ளரில் ஆடை படிந்துவிட்டது.

"ஆறிப்போச்சு மேடம். கொட்டிட்டு வேற போடவா?"

"இருக்கட்டும்ணா."

வேர்த்து ஊற்றியது. கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தேன். பஸ்ஸுக்கு நின்றிருந்தவர்களில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.