பாக்கியசீலன் தட்டு

பாளையங்கோட்டையில் கல்யாணத்துக்குப் பாத்திரம் கொடுக்கிற ஒருவர் அதில் பேர் வெட்டாமல் கொடுத்தால், ஒன்று அவர் வெளியூர்க்காரராக இருக்க வேண்டும், இல்லையென்றால் பாத்திரத்தில் ஏதோ கோளாறு இருக்க வேண்டும். சின்ன டம்ளராக இருந்தாலும் கொடுத்தவர் பேர், தேதி, 'அன்புடன்' எல்லாம் அதன் கழுத்தில் புள்ளி புள்ளியாக ஏறியிருக்கும். பழைய சாமான் வாங்கி விற்கக் கிளம்பும் ஒருத்தியை இந்த வழக்கம் என்ன பாடு படுத்தும் என்பது கடை திறந்த பிறகுதான் கெசியாவுக்குத் தெரிந்தது. முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தாலும் அவள் கேட்டிருக்கப்போவதில்லை.

நாற்பது வயதில், தனியார் பள்ளியில் பார்த்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் டீச்சர் வேலையை விட்டுவிட்டு, ஜூன் மாதம் வீட்டின் முன்னறையில் 'பரண்' என்று ஒரு போர்டு மாட்டினாள். ஊரார் பரணில் கிடக்கும் தகர டிரங்குப் பெட்டி, பீங்கான் ஜாடி, சாவி கொடுக்கும் சுவர்க்கடிகாரம், தூக்குவாளி எல்லாவற்றையும் வாங்கித் துடைத்துப் போட்டோ எடுத்து இன்ஸ்டாகிராமில் விற்பது அவள் திட்டம். பெங்களூரில் இருக்கிற பிள்ளைகள் இப்போது இதற்குத்தான் அலைகிறார்கள் என்று சொன்னாள். அவள் புருஷன் எஸ்றா இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கிறவன், எதையும் சந்தேகத்தோடு பார்ப்பது அவன் தொழில். ஊரில் எல்லாரும் பழைய சாமானை வீட்டைவிட்டு அனுப்பப் பார்க்கிறார்கள், நீ கூப்பிட்டு நாற்காலி போடுகிறாயே என்றான்.

ஆதரவு கொடுத்தது மாமனார் பாக்கியசீலன்தான். வீடு அவருடையது. தெருமுனைக்காரர் ஆவுடைநாயகம் ஜெராக்ஸ் கடை வைக்க அந்த முன்னறையை ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "கிறிஸ்துமஸ் வரைக்கும் பொறும் வே," என்று அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார் மாமா. "என் மருமக கடை அதுக்குள்ள ஓடலைன்னா சாவி உமக்கு." ஆவுடைநாயகம் அன்றிலிருந்து வாரம் ஒருமுறை வந்து கடை ஓடாததைக் கண்குளிரப் பார்த்துவிட்டுப் போனார்.

பாக்கியசீலன் ஒரு மேல்நிலைப்பள்ளி ஆபீஸில் முப்பத்தாறு வருஷம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தாறு வயதிலும் மணி மணியான கையெழுத்து. கடையின் பார்சல் பிரிவு முழுக்க அவர் கையில் இருந்தது. பழைய பேப்பரில் சுற்றி, சணல் போட்டு இறுக்கி, விலாசம் எழுதி அவர் கொடுக்கிற பார்சலைப் பிரிப்பதற்கே தனியாக ஆள் வைக்க வேண்டும். அவர் கை படாமல் ஒரு கரண்டிகூட அந்த வாசலைத் தாண்டியதில்லை.

பார்சல் இல்லாத வேளைகளில், அதாவது பெரும்பாலான வேளைகளில், அவர் லென்ஸும் கையுமாக உட்கார்ந்து பாத்திரங்களில் உள்ள பேரை வாசிப்பார். எவர் எந்த வருஷம் யாருக்குக் கொடுத்தது, அதை இப்போது யார் தள்ளிவிட்டிருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். தன்னோடு வேலை பார்த்த கணக்கு வாத்தியார் கொடுத்த மூடி போட்ட சம்படம் வந்த அன்று மத்தியானம் இரண்டு கரண்டி சோறு கூடுதலாகச் சாப்பிட்டார். "பாத்தியா கெசியா, எல்லாரு குடுத்ததும் வந்துட்டு," என்பார். "நான் குடுத்தது ஒண்ணாவது வந்திருக்கா? வராது. பொருள்ல தரம் வேணும்லா."

அவர் கொடுத்தது தட்டு. சாதாரணத் தட்டு இல்லை, ஐந்து குழித் தட்டு. நடுவில் சோற்றுக்குப் பெரிய குழி, சுற்றிலும் நாலு சிறு குழிகள். ரசம் பாயசத்தைத் தொடக்கூடாது என்பது அவர் கொள்கை. டவுணில் ஒரு பாத்திரக்கடையில் கனமான தகட்டில் தனியாகச் சொல்லிச் செய்வார். விளிம்பைச் சுற்றி 'பாக்கியசீலன் குடும்பத்தாரின் அன்பளிப்பு' என்று தேதியோடு ஆழமாக வெட்டச் சொல்வார். எந்தக் கல்யாணமானாலும் அதே தட்டு, அதுவும் ஒன்றே ஒன்று. புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் ஒரே தட்டில் சாப்பிட வேண்டுமாம். நாற்பத்தொரு கல்யாணங்களுக்கு நாற்பத்தொரு தட்டு கொடுத்திருந்தார்.

கெசியாவுக்கும் எஸ்றாவுக்கும் ஒன்று கிடைத்தது. கோயம்புத்தூரில் குடித்தனம் போட்ட புதிதில் மாமா போனில் கேட்டபோது, தினமும் அதில்தான் சாப்பிடுகிறோம் மாமா என்று சொல்லிவைத்தாள். ஒருமுறை சொன்ன பிறகு பன்னிரண்டு வருஷம் அதையே சொல்ல வேண்டியதாயிற்று. நாலு வருஷத்துக்கு முன்னால் பாளையங்கோட்டைக்கே திரும்பி வந்தபோது தட்டு ஏதோ மூட்டைக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது, தேடணும் என்றாள். உண்மையில் அது அவள் பீரோவின் அடித்தட்டில், அட்டைப்பெட்டிக்குள், விலைச்சீட்டோடு இருந்தது. எஸ்றா அவன் பங்குச் சோற்றையும் சாப்பிட்டு இவள் பங்கிலும் கைவைக்கிற ஆள். அவனோடு ஒரே தட்டில் சாப்பிட்டிருந்தால் அவள் இந்நேரம் துரும்பாய்ப் போயிருப்பாள்.

மாமா கொடுத்த முதல் தட்டு கடை திறந்த ஆறாம் நாளே வந்துவிட்டது. கொண்டுவந்தவள் ஜெபராணி டீச்சர். ஊரில் யாரும் பழைய சாமானைப் பகிரங்கமாக விற்பதில்லை. தெரு முழுக்க உறங்குகிற மத்தியானம் இரண்டு மணிக்குக் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வருவார்கள். மாமாவும் அப்போது உறக்கத்தில் இருப்பார். டீச்சர் ஒரு பித்தளைக் குடம், நாலு தூக்குவாளி எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, கடைசியாகப் பைக்குள்ளிருந்து கனமாக ஒன்றை உருவினாள்.

"பேரப் பாத்து ஒண்ணும் நெனைச்சிக்கிடாத," என்றாள் கிசுகிசுப்பாக. "கழுவி மாளலட்டி. அஞ்சு குழியிலயும் சாம்பார் நிக்கி."

வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. தட்டை எடுக்காவிட்டால் பித்தளைக் குடமும் கிடையாது என்பது டீச்சரின் கண்டிப்பு. திருப்பி அனுப்பினால் அந்தச் செய்தி ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால் ஊர் சுற்றிவிடும். விற்கலாம் என்றால் பார்சல் கட்டுவது மாமா. கெசியா தட்டைப் பரணில் கிடந்த கிறிஸ்துமஸ் குடில் பெட்டிக்குள், யோசேப்புக்கும் மேய்ப்பருக்கும் அடியில் ஒளித்துவைத்தாள். டிசம்பர் வரைக்கும் அந்தப் பெட்டியை ஒருவரும் திறக்கமாட்டார்கள்.

ஜூலையில் ஐந்து தட்டு வந்தது, ஆகஸ்டில் ஏழு. களக்காட்டிலிருந்து பஸ் ஏறி ஒருத்தி வந்தாள். சாத்தான்குளத்திலிருந்து இரண்டு தட்டை ஒரே சாக்கில் கட்டி ஒருவர் கொண்டுவந்தார், அண்ணனுடையதும் தம்பியுடையதுமாம். ஒன்றிலாவது ஒரு கீறல் இல்லை. பாதிக்கு மேல் விலைச்சீட்டுகூடக் கிழியவில்லை. நவம்பர் வரும்போது பெட்டிக்குள் இருபத்துமூன்று தட்டுகள் இருந்தன, முன்னறையில் மாமா உட்கார்ந்துகொண்டு, தன் தட்டு ஒன்றுகூட வரவில்லை என்று ஆவுடைநாயகத்திடம் பெருமையடித்துக்கொண்டிருந்தார். கடையோ மாதத்துக்கு நாலு ஜாடி, ஒரு கடிகாரம் என்று நொண்டிக்கொண்டிருந்தது.

நவம்பர் மூன்றாம் சனிக்கிழமை கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு இளம் தம்பதி காரில் வந்து இறங்கினார்கள். அவள் பேர் ப்ரீத்தி, அவன் சாய்கிருஷ்ணன். ஹைதராபாத் வேலையை விட்டுவிட்டு, ஆற்றங்கரைத் தெருவில் இருந்த குடும்ப வீட்டை வெளியூர் விருந்தாளிகள் தங்கும் இடமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். இலைச் சாப்பாடுதான் போட்டுப் பார்த்தார்களாம். வடக்கேயிருந்து வருகிறவர்களுக்கு இலையில் ரசத்தை மறித்துப் பிடிக்கத் தெரியவில்லை, மடியில் வாங்கிக்கொள்கிறார்கள். அதனால் பழைய காலத்துக் குழித் தட்டு வேண்டும். கனமாக, பேர் வெட்டியதாக இருந்தால் விசேஷம். ஆனால் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஒரு பந்திக்கு இருபத்து நாலு. மதுரை வரைக்கும் தேடியாயிற்று, பழைய பாத்திரத்தில் ஒரே மாதிரி நாலுக்கு மேல் எங்கேயும் அகப்படவில்லை. கிடைத்தால், கடிகாரம், ஜாடி, டிரங்குப் பெட்டி என்று வீட்டுக்கு வேண்டிய மற்றதையெல்லாம்கூட இங்கேயே எடுத்துக்கொள்கிறோம் என்றாள் ப்ரீத்தி. கெசியாவின் கண் உள்ளே பரண் பக்கம் போய் வந்தது.

மாமா நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார். "நீங்க கேக்கிற தட்டு இந்த ஊர்லயே ஒரு ஆள்தாம்மா குடுத்திருக்கான். அது நான். ஆனா ஒண்ணுகூடக் கிடைக்காது. எல்லாம் புழக்கத்துல இருக்கு. எம் மருமகளையே கேளுங்க, பன்னெண்டு வருசம் அதுலதான் சாப்பிட்டிருக்கா."

கெசியா தலையை ஆட்டினாள். ப்ரீத்தி முகம் வாடி, போன் நம்பரை எழுதிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

அந்த வாரம் கெசியாவுக்குச் சோறு இறங்கவில்லை. கைக்கெட்டிய வியாபாரம் பெட்டிக்குள் கிடக்கிறது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆவுடைநாயகம் வேறு வாசல் பார்த்துப் போய்விடுவார். ஆனால் அந்த ஒரு வார்த்தையை மாமாவின் முகத்துக்கு எதிரே எப்படிச் சொல்வது? ஊரே ஏளனமாகப் பார்த்தபோது தனக்காக நின்ற ஒரே மனுஷர் அவர்தான். அவரைச் சிறுமைப்படுத்தி வருகிற வியாபாரம் தனக்கு வேண்டாம் என்று வெள்ளிக்கிழமை முடிவு செய்தாள். 'கிடைக்கவில்லை, மன்னிக்கவும்' என்று ப்ரீத்திக்குச் செய்தி அனுப்பினாள். கடை ஓடாது போல, சாவியைக் கொடுத்துவிடலாம் என்று மாமாவிடமும் சொல்லிவிட்டாள். அவர் கோபப்பட்டு, கிறிஸ்துமஸுக்கு இன்னும் நாள் கிடக்கிறது என்று பேச்சை முறித்தார்.

இந்தக் கவலையில் பெட்டியை மறந்துபோனாள். டிசம்பர் முதல் தேதி சாயங்காலம் வாசலில் நட்சத்திரம் கட்ட வேண்டும் என்று மாமா எஸ்றாவைப் பரணில் ஏற்றிவிட்டார். கெசியா அடுப்படியிலிருந்து ஓடிவருவதற்குள் அவன் பெட்டியைத் தோளில் சுமந்து மூச்சு வாங்க இறங்கிக்கொண்டிருந்தான். எஸ்றாவுக்கு இந்த விஷயமே தெரியாது. அவனிடம் சொல்வதும் வாசலில் எழுதி ஒட்டுவதும் ஒன்று.

"என்னப்பா, யோசேப்பு மரியாள்லாம் இந்த வருசம் நல்லா சதை போட்டுட்டாவ," என்றான்.

மாமா மூடியைத் திறந்து, நட்சத்திரத்தை எடுத்தார். மேய்ப்பர்களை எடுத்தார். அப்புறம் ஒரு தட்டை எடுத்தார். லென்ஸ் தேவைப்படாத அளவுக்கு ஆழமான எழுத்துதான், இருந்தும் லென்ஸை வைத்து வாசித்தார். ஒவ்வொன்றாக எடுத்து, தேதி பார்த்து, வருஷ வரிசையில் தரையில் அடுக்கினார். கிளார்க் புத்தி.

"எப்பத்துலருந்து?" என்றார் நிமிராமல்.

"ஜூன்ல இருந்து மாமா."

"கடை தொறந்ததே ஜூன்லதான."

"ஆமா மாமா."

"அந்தப் புள்ள கேட்டுச்சே. அப்பவும் இங்கனதான் இருந்துதோ?"

"நீங்க வருத்தப்படுவீயன்னுதான் மாமா," என்றாள் கெசியா. எஸ்றா நட்சத்திரத்தைக் கையில் பிடித்தபடி, எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நின்றான்.

மாமா முகம் சுண்டிப்போயிருந்தது. ஒரு தட்டின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு வாய்க்குள் ஏதோ கணக்குப் போட்டார். போடப் போட முகம் பைய தெளிந்தது.

"நாப்பத்தொண்ணு குடுத்தேன். வந்தது இருபத்திமூணு," என்றார். "அப்ப பதினெட்டு வீட்டுல தட்டு புழங்கியிருக்கு. உங்க கோயம்புத்தூர் வீட்டையும் சேத்துத்தான் சொல்லுதேன். பரவால்ல, மோசமில்ல."

அவரே நம்பரைக் கேட்டு வாங்கி ப்ரீத்திக்குப் போன் போட்டார். தட்டு கிடைத்துவிட்டது, ஆனால் பேரை அழிக்கக்கூடாது என்று நிபந்தனை வைத்தார். அந்தப் பேருக்காகத்தான் கேட்கிறோம் என்று அந்தப் பெண் சொன்னது அறை முழுக்கக் கேட்டது. மாமாவின் முதுகு நிமிர்ந்தது. எண்ணிக்கை சொன்னதும் மட்டும் அவள் குரல் தயங்கியது. இருபத்துமூன்று என்றால் பந்தியில் ஒருவருக்கு மட்டும் வேறு தட்டு வைக்க வேண்டிவரும், ஒரே ஒன்று கிடைக்காதா என்று கேட்டாள்.

"அது கஷ்டம்மா," என்றார் மாமா. "மத்ததெல்லாம் புழக்கத்துல இருக்கு. புழங்குற தட்டை எப்படிக் கேக்க?"

கெசியா ஒரு நிமிஷம் நின்றாள். பேசாமல் இருந்துவிடலாம். இத்தனை வருஷம் காப்பாற்றிய பொய், இன்னும் ஒரு நிமிஷம் காப்பாற்றினால் போதும். ஆனால் அந்தப் பதினெட்டைச் சொல்லும்போது அவர் முகம் இருந்த இருப்பு அவளை நிற்க விடவில்லை. உள்ளே போய், பீரோவின் அடித்தட்டில் சேலைகளை விலக்கி, அட்டைப்பெட்டியை எடுத்துவந்து மாமாவின் மடியில் வைத்தாள்.

"இது நாம தெனம்..." என்று எஸ்றா தொடங்கினான். அவன் காலை மிதித்தாள்.

மாமா பெட்டியைப் பிரித்தார். தட்டு பளபளவென்று இருந்தது. பதினாறு வருஷத்துப் பழைய விலைச்சீட்டை விரல் நகத்தால் பைய உரித்து, சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். தட்டை அடுக்கில், வருஷம் பார்த்து, அதற்குரிய இடத்தில் வைத்தார்.

"இருபத்திநாலு இருக்கும்மா, நாளைக்கே வாங்க," என்று போனில் சொல்லிவிட்டு வைத்தார்.

அப்புறம் கண்ணாடிக்கு மேலே கெசியாவைப் பார்த்தார்.

"அப்ப பதினேழு," என்றார். சணலை எடுத்துவரச் சொன்னார்.