நிறுத்திய கணினியின் பதில்

நிறுத்திவிட்ட கணினி பதில் சொன்னது. அருந்ததி திடுக்கிட்டுக் கதிரையை விட்டு எழுந்தேவிட்டாள்.

மீனவர் சங்கத்தில் இருந்தது ஒரேயொரு சேர்வர். அதற்குள் மூன்று மெய்நிகர் கணினிகள், ஒரே வீட்டில் மூன்று குடும்பம் மாதிரி. அதில் ஒன்றுக்கு வேலை, கடலில் நிற்கும் படகுகளுக்கு அலைபரப்புக் கோபுரம் வழியாகக் காற்று எச்சரிக்கை அனுப்புவது. காலையிலிருந்து அது மட்டும் தொடர்பில் இல்லையென்று கணினி திருத்துபவளான அவளைக் கிளிநொச்சியிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். வயரிலும் பிழையில்லை, சேர்வருக்குள் இருக்கும் மெய்நிகர் சுவிட்சிலும் பிழையில்லை. எரிச்சலில் அந்தக் கணினியையே நிறுத்திவிட்டு அதன் முகவரிக்கு, இருக்கிறாயா என்று கேட்கும் 'பிங்' சமிக்ஞையை அனுப்பினாள். பதில் வந்துகொண்டேயிருந்தது.

"பலத்த காத்தெண்டு அறிவிப்பு வந்திட்டுது அக்கா. இதெண்டால் பேய் மாதிரிக் கிடக்கு," என்றாள் அருந்ததி.

"பதறாதேங்கோ தங்கச்சி," என்றாள் சங்கத்து எழுதுவினைஞர் பிரேமினி. "இண்டைக்குக் கொன்ஸ்ரன்ரைன் மாமான்ர செத்தவீடு. ஊரில ஒருத்தரும் தொழிலுக்குப் போகேல்ல."

அருந்ததி அதே முகவரியை உலாவியில் திறந்தாள். திரையில் ஒரு சவப்பெட்டி. மதிலுக்கு அப்பாலிருக்கும் மாதா கோயில்தான் அது. செத்தவரின் மகள் நிரோஜா கனடாவிலிருந்து பார்ப்பதற்காகப் பூட்டிய கமரா. அதற்கு அலுவலக வைஃபையைக் கொடுத்தது பிரேமினிதான். செத்தவீட்டுக்கு யார் இல்லையென்று சொல்வார்கள்? பூட்டிய மகராசன் யாரோ, கமராவுக்குக் கொடுத்த முகவரி ஏற்கெனவே இந்தக் கணினிக்குரியது. இரண்டும் மோதியதில் கணினி தொடர்பிழந்துவிட்டது.

பிரேமினி திரைக்குக் கிட்டக் குனிந்தாள். "மெல்ரொனைக் காணேல்ல. என்ர தம்பியெல்லோ பெட்டி தூக்கவேணும்." அவள் தம்பி மனைவிக்கு எடுத்த அழைப்பில், மறுமுனைக் குரல் அருந்ததிக்கும் கேட்டது.

"விடியவே கடலுக்குப் போட்டார் மச்சாள், போனும் எடுபடுகுதில்ல. செத்தவீடு முடியமுதல் வந்திடுவன், அக்காவுக்குச் சொல்லாத எண்டவர்."

பிரேமினி அருந்ததி பக்கம் திரும்பினாள். "வேற முகவரி குடுத்து அனுப்பேலாதோ?"

"கோபுரம் இதைத் தவிர வேற முகவரியை எடுக்காது அக்கா. வைஃபையை நிப்பாட்டினால் கோபுரமும் போயிடும், கமராவைக் கழட்டத்தான் வேணும்."

திரையில் பெட்டியை மூடுவதற்கு ஆட்கள் எழும்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு மகள் தகப்பன் முகத்தைக் கடைசியாகப் பார்க்கும் நேரம். பிரேமினி கைபேசியை மேசையில் போட்டுவிட்டு ஓடினாள்.

சற்றைக்குள் பிரேமினி திரையில் தோன்றினாள், செருப்பில்லாமல், சனத்தை விலக்கிக்கொண்டு. கொன்ஸ்ரன்ரைனின் மனைவி ஞானமலர் வாய் பிளந்து பார்த்தார். பிரேமினியின் முகம் திரை முழுக்க நிறைந்தது, பிறகு திரை இருண்டது.

அருந்ததி கணினியை மீண்டும் இயக்கி எச்சரிக்கையை அனுப்பினாள். போய்விட்டது. மெல்ரொனின் படகு பெற்றுக்கொண்டதென்று பச்சைப் புள்ளி வரவேண்டும். இன்னும் வரவில்லை. மேசையில் பிரேமினியின் கைபேசி அதிரத் தொடங்கியது. நிரோஜா, கனடா. அது அதிர்ந்து அதிர்ந்து மேசை விளிம்புவரை நகர்ந்து வந்தது.