புள்ள மடுவத்துத் தொப்பித் தரை

ராமச்சந்திரன் கங்காணி வாயைத் திறந்தால் ஏதாவது குறைதான் வரும். அவருடைய தங்கச்சி விஜயகலாவைப் பெண் கேட்டுப் போன சுதாகரனுக்கும் அதுதான் கிடைத்தது.

"எதையாச்சும் முழுசா முடிச்சிருக்கியாடா நீ? புள்ள மடுவத்துக்குத் தரை போட்டுத் தாறேன்னு தோட்டம் பூரா சொல்லிக்கிட்டுத் திரியிறியே, தொரை வந்து தொறக்குறதுக்குள்ள ஒரு ஓட்டை இல்லாம போட்டு முடி. அப்புறம் கல்யாணப் பேச்சு. முடிக்கலன்னா எங்க லயத்துப் பக்கமே வந்துறாத!"

வேலைக்குப் போகிறவர்கள் விட்டுச் செல்லும் பிள்ளைகள் விளையாட, அந்த மடுவத்தில் ஒரு பாயை வாங்கி விரித்துவிட்டு வந்திருக்கலாம். கிறுக்கன், கேட்டால்தானே! கஹவத்தை பஸ்ஸில் வரும்போது ஃபோனில் ஒரு செய்தியைப் பார்த்துவிட்டான். பதின்மூன்று பக்கம் உள்ள ஒரு வடிவம், பார்க்கத் தொப்பி மாதிரி. அது ஒன்றை வைத்தே எவ்வளவு பெரிய தரையையும் இடைவெளி இல்லாமல் நிரப்பலாமாம். ஆனால் சேலைக்கரை போல ஒரே கோலம் திரும்பத் திரும்ப வரவே வராதாம். கணக்குப் பேராசிரியர்கள் பல வருஷமாகத் தேடியதை, பொழுதுபோக்குக்கு வடிவம் வெட்டிக்கொண்டிருந்த ஒரு மனுஷர் அண்மையில் கண்டுபிடித்தாராம். சுதாகரனுக்குத் தலைகால் புரியவில்லை. தான் வேலை செய்யும் ரப்பர் ஸ்டோரில் கழித்துப் போட்ட ஷீட்டுகளைக் கேட்டு வாங்கினான். ஒட்டித் தடிப்பாக்கி, தொப்பி தொப்பியாக வெட்டி, மேல்முகத்தில் நீலப் பெயின்ட்டும் அடித்துவிட்டான்.

திறப்பு நாள் காலையில், மடுவத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் விஜயகலா துண்டுகளை எடுத்துக் கொடுக்க, அவன் ஃபோனில் இருந்த படத்தைப் பார்த்து அடுக்கினான். முதலில் ஷோக்காகத்தான் போனது. பிறகு ஓரிடத்தில் இடித்தது. கலைத்து அடுக்கினால் வேறிடத்தில் வாயைப் பிளந்தது.

"படத்துல சிலது வேற கலர்ல இருக்கே?" என்றாள் விஜயகலா.

"அது சும்மா அழகுக்கு."

வெயில் ஏறிவிட்டது. வாசலில் ரிப்பன் கட்ட ஆட்கள் வந்துவிட்டார்கள். சுதாகரனுக்கு அழுகையே வந்தது. "போச்சு கலா. ஒங்கண்ணன் சொன்னது சரி. என்னால எதையும் முடிக்க ஏலாது!" என்று கையிலிருந்த துண்டை வீசி எறிந்தான். அது சுவரில் மோதிக் குப்புற விழுந்தது. விஜயகலா அதைக் குப்புறவே தள்ளிக்கொண்டு வந்து பிளந்த இடத்தில் வைத்தாள். அச்சாகப் பொருந்திவிட்டது.

அடப் பாவமே! வேறு கலரில் இருந்ததெல்லாம் புரட்டிப் போடவேண்டிய துண்டுகள். ரப்பர் ஸ்டோரிலோ ஷீட்டின் நல்ல முகம் எந்நேரமும் மேலே இருக்க வேண்டும். மாறிக் கிடந்தால் தரம் பார்க்கிறவர் ஏசியே கொன்றுவிடுவார். அங்கே பழகின கைக்குப் புரட்டிப் போடும் யோசனை வருமா?

இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்துச் சிரித்தே அடுக்கினார்கள். சுவர் ஓரங்களைக் கத்தியால் நறுக்கி முடிக்கவும் கங்காணி உள்ளே வரவும் சரியாக இருந்தது.

அவர் மூலை மூலையாகக் குனிந்து ஓட்டை தேடினார். இல்லை. "இதென்ன நடுவுல நடுவுல மண் கலரு?" என்றார். விஜயகலா புரட்டிப் போட்ட கதையையும், கோலம் திரும்ப வராது என்பதையும் சொன்னாள்.

"திரும்ப வராதா? பிஸ்ஸுவா ஒங்களுக்கு? ஒரே வெட்டு, திரும்ப வராம எங்க போகும்?"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டியிட்டார். "இந்தா! இங்கயும் இப்பிடி, அங்கயும் அப்பிடியே!"

"சுத்தியிருக்கிறதையும் சேத்துப் பாருங்கண்ணே" என்றாள் விஜயகலா.

சேர்த்துப் பார்த்தார். மாறிப்போயிருந்தது. "அடச்சீ!" என்று அடுத்த மூலைக்குத் தவழ்ந்தார். தொரை வந்தார், ரிப்பன் வெட்டினார், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். கங்காணி ஒரு சலாம் வைத்துவிட்டு மறுபடி மண்டியிட்டார். பிள்ளைகள் அவர் முதுகில் ஏறிச் சவாரி போனார்கள், அவருக்கு உறைக்கவே இல்லை.

சுதாகரன் பக்கத்தில் போய் நின்றான். "அண்ணே, ஓட்டை ஒண்ணும் இல்லதானே. அப்ப அந்தக் கல்யாணப் பேச்சு..."

கங்காணி தலையைத் தூக்கவே இல்லை. விரல் ஒரு நீலத் தொப்பியில் இருந்தது, கண் தூரத்தில் இன்னொன்றில் இருந்தது.

"தை மாசம் வச்சுக்கலாம். கொஞ்சம் தள்ளி நில்லுங்க மாப்பிள்ள, வெளிச்சத்த மறைக்கிறீங்க."